ஏரிக்கரையில் ஒரு வர்த்தகப் பாடம்

நம் தேசத்தில் வர்த்தகக் கல்வி எப்படி நடக்கிறது என்பது, வீட்டில் ஒரு பி.காம். மாணவனை வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு நன்றாகத் தெரியும். பையன் நடுநிசி வரையில் கண் விழித்து, இல்லாத ஒரு கம்பெனி இல்லாத சரக்கை இல்லாத ஆசாமிக்குக் கடனுக்கு விற்ற கணக்கை எழுதுகிறான். பற்றும் வரவும் ஒரு காசு பிசகாமல் ஒத்துப்போகின்றன. பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க்கும் வந்து விடுகிறது. ஆனால் அவனிடமே பத்துக் கிலோ மீனைக் கொடுத்து, "சாயங்காலத்துக்குள் இதை நஷ்டமில்லாமல் விற்றுக்கொண்டு வா, அப்பா!" என்று சொன்னால் திகைத்து நிற்கிறான். பாடபுஸ்தகத்தில் வரும் சரக்கு அழுகுவதில்லை. மீனோ அவன் யோசித்து முடிக்கிற வரையில் காத்திராது.

வியாபாரத்தை வியாபாரம் செய்தே கற்க வேண்டும் என்ற அபிப்பிராயம் இப்போது ஸர்வகலாசாலைகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பார்க்கப் பழவேற்காட்டு ஏரியைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தெரிந்தவரையில் இல்லை. ஆகையால் நேயர்களைச் சற்று அந்தக் கரைக்கு அழைத்துப் போகிறோம்.

கலாசாலையின் புது ஏற்பாடு

2012-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் மீன்வளத்துக்கென்றே தனியாக ஒரு ஸர்வகலாசாலை ஏற்பட்டது. அதன் தலைமை ஸ்தானம் நாகப்பட்டினம். இன்று அதற்குத் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் என்று பெயர். தூத்துக்குடியில் 1977 முதல் நடந்து வந்த மீன்வளக் கல்லூரி அதனுடன் சேர்ந்தது. பிற்பாடு பொன்னேரியிலும் ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. மீன் தொழிலின் வர்த்தக நிர்வாகத்துக்கென்றே தனியாக ஒரு பட்டப் படிப்பையும் இந்த ஸர்வகலாசாலை ஏற்படுத்தியது.

2015-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் 'ஸ்டூடண்ட் ரெடி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. விவசாயம், கால்நடை, மீன்வளம் ஆகியவற்றைப் படிக்கும் மாணவர்கள் நாலாவது வருஷத்தை வகுப்பறைக்கு வெளியே கழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சில மாதங்கள் கிராமத்தில் குடியானவர்களோடும் மீனவர்களோடும் பழகுவது ஒரு பகுதி. தொழிற்சாலையில் வேலை கற்பது மற்றொரு பகுதி. நாம் இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 'அநுபவக் கல்வி' என்னும் பகுதி. இதில் மாணவர்கள் சிறு சிறு கோஷ்டியாகச் சேர்ந்து உண்மையாகவே ஒரு தொழிலை நடத்துகிறார்கள். எந்தச் சரக்கைச் செய்வது, எவ்வளவு முதல் வேண்டும், எங்கே வாங்குவது, யாரிடம் விற்பது என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கிறார்கள். வர்ண மீன் வளர்க்கலாம். மீன் ஊறுகாய் போடலாம். இறாலைப் பக்குவம் செய்து பொட்டலமாக்கி விற்கலாம். பணத்தை மூலதனமாக வாங்கி, கடைசியில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். லாபம் வந்தால் மாணவர்களுக்கும் பங்கு உண்டு.

2024-ல் வெளிவந்த புதிய பாடத்திட்ட சிபார்சுகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, தொழில் திறனுக்கான பாடங்களை முதல் வருஷத்திலிருந்தே தொடங்கச் சொல்லுகின்றன. மிகவும் சந்தோஷமான விஷயம்.

பழைய கொள்கையே

இது ஏதோ மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நூதனம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். கைத்தொழிலின் வழியாகவே கல்வி, கல்வியின் செலவைத் தொழிலே தாங்குதல் என்ற கொள்கையை மகாத்மா காந்தி 1937-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வார்தாவில் கூடிய மகாநாட்டின் முன் வைத்தார். ஆதாரக் கல்வி என்று நாம் கூறுவது அதைத்தான்.

அதற்கும் முன்பே ஒரு தமிழர் இந்தக் காரியத்தைச் செய்து காட்டியிருக்கிறார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குப் பரிசோதகராகத் தேர்ச்சி பெற்று, அமெரிக்காவில் கொலம்பியா ஸர்வகலாசாலையில் பொருளாதாரம் பயின்றவர் ஜே. ஸி. குமரப்பா. 1929-ம் வருஷத்தில் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு அவர் குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா ஜில்லாவின் மாதர் தாலூகாவுக்குப் போனார். அங்கே கிராமம் கிராமமாக, குடும்பம் குடும்பமாக வரவு செலவை விசாரித்து எழுதினார்கள். புஸ்தகப் பொருளாதாரத்தில் அகப்படாத ஒரு சங்கதி அந்தக் கணக்குகளில் அகப்பட்டது. நன்றாக உழைக்கும் குடியானவன் ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்பதுதான் அது. கணக்கு எழுதும் கலையைப் பணக்காரர்களின் வாசலிலிருந்து எடுத்துப்போய் ஏழையின் திண்ணையில் வைத்தார் குமரப்பா. நாம் சொல்லப் போவதெல்லாம் அவர் காட்டிய வழியைப் பற்றியதே.

ஏரியும் அதன் ஜனங்களும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரிக் கல்லூரியிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். நீர்ப்பரப்பின் பெரும் பாகம் ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீளமாகப் படுத்திருக்கிறது. தெற்கே ஆரணியாறு வந்து கலக்கிறது. வடக்கே காளங்கியும் பிற ஆறுகளும் கலக்கின்றன. மழைக்காலத்தில் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே கடல்நீரும் வந்து கலப்பதனால்தான் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாயும் இங்கே செழிக்கின்றன.

இந்த ஊருக்கு வர்த்தகம் புதிதன்று. 1602-ல் அமைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உலகத்தின் முதல் பங்குக் கம்பெனிகளில் ஒன்று. அது 1613-ல் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதையே தலைமை ஸ்தானமாக வைத்திருந்தது. 1690-ல்தான் அந்த ஸ்தானம் நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. நம்மவர் நெய்த துணி இங்கிருந்து கப்பலேறியது. கோட்டைக்குள் குமாஸ்தாக்கள் பேரேடு பேரேடாக எழுதிக் குவித்தார்கள். கோட்டைக்கு வெளியே வலை வீசியவர்களுக்கு மட்டும் அந்தப் பேரேட்டு வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோட்டை மண்ணாகிவிட்டது. அந்தக் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆனால் மீனவர்களுக்கு நிர்வாகமே தெரியாது என்று நினைப்பவர் 'பாடு' என்னும் முறையைப் பற்றிக் கேள்விப்படாதவர். ஏரியில் எல்லா இடமும் ஒன்றுபோல் அல்ல. முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் இறால் அதிகமாகப் படும். உள்ளே தள்ளிப் போனால் குறையும். நல்ல இடத்துக்காக எல்லோரும் முண்டியடித்தால் சண்டை வரும், வலுத்தவன் வாழ்வான். ஆகையால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராரும் நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். சீட்டுப் போட்டு முறை பிரித்து, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று வரையறுத்தார்கள். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளை சாதாரண இடத்துக்குப் போக வேண்டும். அதிர்ஷ்டமும் நஷ்டமும் ஊர் முழுவதுக்கும் பங்காகிவிடுகின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பெரிய பெரிய மாளிகைகளில் அமர்ந்து செய்கிற காரியத்தை இவர்கள் மணலில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் குறையும் இல்லாமலில்லை. பாடு உரிமை பெற்ற ஊரார் ஒரு பக்கம் இருக்க, உரிமையில்லாத பிற ஊராரும், தண்ணீரில் அமிழ்ந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் மறு பக்கம் நின்றார்கள். ஏரியில் மீன் குறையக் குறைய, வெளியே நின்றவர்களின் மனத்தாங்கலும் வளர்ந்தது. பங்கீட்டில் யார் யாரைச் சேர்ப்பது என்பது இன்றும் தீராத வழக்கு. நிர்வாகம் பயிலும் மாணவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் புஸ்தகத்தில் கிடைக்கும்?

முன்பணத்தின் கணக்கு

இத்தனை சாமர்த்தியம் உள்ள ஜனங்கள் ஏன் செழிக்கவில்லை? மீன் பிடிப்பது வரையில் அவர்களுடைய ராஜ்யம். மீன் கரைக்கு வந்ததும் ராஜ்யம் கை மாறிவிடுகிறது. வலைக்கும் படகுக்கும் எஞ்சினுக்கும் பணம் வேண்டும். மழைக்காலத்தில் தொழில் நின்றால் அடுப்பெரியப் பணம் வேண்டும். கல்யாணம், வைத்தியம் எல்லாவற்றுக்கும் உடனே கொடுக்கிறவர் வியாபாரி ஒருவர்தான். அவர் வட்டி கேட்பதில்லை, பத்திரம் கேட்பதில்லை. "பிடிக்கிற சரக்கை எனக்கே போடு" என்ற ஒரு வார்த்தையோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். வட்டியில்லாக் கடன் என்று வாங்கியவர் மனம் குளிர்ந்துபோகிறார்.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகள். ஒருவர் 20,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். வெளியே கிலோ 300 ரூபாய்க்குப் போகும் இறாலை, முன்பணம் கொடுத்தவர் 250 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார். நாளொன்றுக்கு 4 கிலோ கிடைத்தால் 200 ரூபாய் குறைகிறது. மாதம் 20 நாள் தொழில் நடந்தால் 4,000 ரூபாய். 20,000 ரூபாய்க்கு மாதம் 4,000 ரூபாய் என்றால், மாதத்துக்கு நூற்றுக்கு 20 வட்டி! அதே வேகத்தில் ஒரு வருஷம் போனால் 48,000 ரூபாய் போய்விட்டது. வாங்கிய 20,000 ரூபாய் மட்டும் அப்படியே நிற்கிறது.

வியாபாரியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறார். மீன் படாத மாதத்தில் அவருக்கும் முடக்கம்தான். பாங்கிக்காரர் எட்டிப் பாராத வீட்டுக்கு அவர் வருகிறார். ஆயினும் கொடுக்கும் விலை இன்னதென்று தெரிந்து கடன் வாங்குவது வேறு. தெரியாமல் வாங்குவது வேறு. மேலே கண்ட கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றுமில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் அதைப் போடுவதற்கு ஒவ்வொரு நாளும் பிடித்த எடை, விற்ற விலை, வெளி விலை மூன்றையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டுப் புஸ்தகம்தான் குப்பத்தில் இல்லை. கலாசாலை மாணவன் கொண்டுவரக்கூடிய முதல் சீதனம் அதுவே.

ஐஸும் எண்ணிக்கையும்

இரண்டாவது சீதனம் பக்குவம். நம் நாட்டு உஷ்ணத்தில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ் வைக்க வேண்டும் என்பது சாதாரண விதி. ஐஸுக்குக் கொடுக்கிற பணம் வீண் என்று நினைத்தால், சாயங்காலம் சரக்கு பாதி விலைக்குப் போகும். இறாலுக்கு விலை எடையில் மட்டும் இல்லை, எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு முப்பது நின்றால் ஒரு விலை, அறுபது நின்றால் வேறு விலை. பெரிதையும் சிறிதையும் கலந்து கொட்டினால் எல்லாம் சிறிதின் விலைக்குப் போய்விடும். கரையிலேயே தரம் பிரித்தால் அந்த வித்தியாசம் பிடித்தவருக்கு நிற்கும்.

நண்டின் கதை இன்னும் ரஸமானது. பழவேற்காட்டுச் சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூர் வரையில் பிரயாணம் செய்கிறது. ஓடு கழற்றிப் புது ஓடு போட்டிருக்கும் சமயத்தில் நண்டின் உடம்பில் சதை குறைவு, தண்ணீர் அதிகம். அப்போது விலை மட்டம். அதே நண்டை அடைப்பிலோ பெட்டியிலோ வைத்து மூன்று நாலு வாரம் கழிவு மீனை இரையாகப் போட்டால் ஓடு இறுகிச் சதை பிடித்துவிடுகிறது, விலையும் ஏறுகிறது. ஆனால் நண்டு ஒன்றையொன்று தின்னும், சில செத்துப்போகும், இரைக்குச் செலவாகும். இத்தனையும் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிப்பதே வர்த்தகக் கல்வி. இதைக் கரும்பலகையில் படித்தவனுக்கும், இரவில் இரண்டு நண்டு செத்ததைக் காலையில் எடுத்துப் போட்டவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அயல் நாட்டில் ஒரு முன்மாதிரி

"ஸர்வகலாசாலைக்கும் குப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்குக் கனடா தேசம் பதில் சொல்லும். அங்கே நோவாஸ்கோஷியா மாகாணத்தில் ஆண்டிகோனிஷ் என்ற சிற்றூரில் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் ஸர்வகலாசாலை இருக்கிறது. 1928-ல் அது ஊர் ஜனங்களுக்காகவே ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தி, மோஸஸ் கோடி என்ற பாதிரியாரைத் தலைவராக்கியது. அவர் மீனவ கிராமங்களுக்குப் போய், பத்துப் பேர் இருபது பேராகச் சேர்த்து, அவர்களுடைய வீட்டுச் சமையலறையிலேயே படிப்புக் கூட்டங்களை நடத்தினார். பாடம் ஒன்றுதான்: "நீங்கள் பிடிக்கிற சிங்கி இறாலுக்கு நீங்கள் வாங்குவது என்ன, பட்டணத்தில் வாங்குகிறவன் கொடுப்பது என்ன, நடுவில் போவது எங்கே?" கேள்வி பிறந்ததும் காரியமும் பிறந்தது. மீனவர்கள் தாங்களே பதனிடும் சாலைகளைக் கட்டினார்கள். பாஸ்டன் நகரத்துக்குத் தாங்களே சரக்கை அனுப்பினார்கள். கடன் சங்கங்களை ஏற்படுத்தினார்கள்.

நம் அண்டை வீடான திருவனந்தபுரத்துக் கரையிலும் இந்த அற்புதம் நடந்திருக்கிறது. மரியநாடு என்ற கிராமத்து மீனவர்கள் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விடத் துணிந்தார்கள். விற்பனை, கடன், சேமிப்பு மூன்றையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார்கள். ஒவ்வொரு நாள் விற்பனையிலும் ஒரு பகுதி கடனுக்கு, ஒரு பகுதி சேமிப்புக்கு என்று பிரித்தார்கள். இந்த முறை கரை நெடுகப் பரவியதன் பலனாக 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் உருவாயிற்று. கன்னியாகுமரிக் கரைத் தமிழ் மீனவர்களும் அதில் அங்கத்தினரானார்கள். மீனைக் கரையில் முதல் முதலாக விற்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் குடும்பமும் இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

எழுதப்படாத ஒரு பங்காளி

இதுவரையில் சொன்ன கணக்கில் ஒரு முக்கியமான பங்காளியை நாம் சேர்க்கவில்லை. அதுதான் ஏரி. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் கடல்நீர் உள்ளே வராது. குஞ்சு இறால் வராது. தண்ணீர் வற்றி உப்பேறிவிடும். அண்மை வருஷங்களில் சர்க்கார் முகத்துவாரத்தின் இரு பக்கமும் கற்சுவர் எழுப்பும் வேலையை மேற்கொண்டதற்கு இதுவே காரணம். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்திருக்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விஸ்தரிக்கும் திட்டத்துக்குப் பழவேற்காட்டு மீனவர்கள் பலமான ஆட்சேபம் தெரிவித்து வந்திருக்கிறார்கள். கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்பது அவர்களுடைய அச்சம்.

லாபம் ஒன்றையே கற்றுக்கொடுக்கும் வர்த்தகக் கல்வி இந்த ஏரிக்குச் சத்துருவாகவும் ஆகலாம். சின்னக் கண்ணி வலையைப் போட்டுக் குஞ்சையும் அள்ளினால் இந்த மாதக் கணக்கில் லாபம் தெரியும். அடுத்த வருஷத்துக் கணக்கில்தான் நஷ்டம் தெரியும். முதலைத் தின்று லாபம் என்று எழுதுகிறவனை எந்தக் கணக்குப் பரிசோதகரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஏரிதான் மூலதனம். அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அதைப் பங்கிட்டு அநுபவிக்க வேண்டும் என்ற பாடத்தை மாணவர்கள்தான் பாடு ஊராரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே இந்த ஏரிக்கரையில் உபாத்தியாயரும் மாணவரும் அடிக்கடி இடம் மாறி உட்கார வேண்டியிருக்கிறது.

நம் வேண்டுகோள்

மூன்று விஷயங்களை ஸர்வகலாசாலையாரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். முதலாவது: மாணவர்கள் கல்லூரிக் கட்டடத்துக்குள் நடத்தும் சிறு தொழிலில் ஒரு பகுதியாவது குப்பத்தாரோடு கூட்டாக நடக்கட்டும். லாபத்தில் பங்கு கொள்வதுபோல் அவர்களுடைய நஷ்டத்திலும் மாணவன் பங்கு கொண்டால்தான் படிப்பு முற்றும். இரண்டாவது: ஒரு வருஷத்து மாணவர்கள் தொடங்கும் கணக்கு நோட்டை அடுத்த வருஷத்து மாணவர்கள் தொடரட்டும். சில வாரம் தங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, அறிக்கை எழுதிவிட்டுப் போகிறவர்களைக் குப்பத்தார் நிறையப் பார்த்துவிட்டார்கள். மூன்றாவது: ஸ்திரீகளை மறக்கக்கூடாது. கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய் மீனைப் பணமாக்குகிறவர்கள் அவர்கள். இதே ஊரில் பனையோலையில் அழகழகான பெட்டிகள் முடையும் முஸ்லிம் பெண்மணிகளும் இருக்கிறார்கள். விலை பேசும் வித்தையில் அவர்களே முதல் வகுப்பு மாணவிகள்.

இவற்றோடு பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மீன்வளக் கல்லூரிகளில் மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. குப்பத்துப் பெண்ணோ பையனோ அந்த இடத்தில் அமர்ந்து படித்து, பட்டத்தோடு பட்டணத்து உத்தியோகத்துக்குப் போவது அவரவர் இஷ்டம். அதைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் அப்படிப் படித்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேராவது திரும்பி வந்து, தகப்பனார் கரையிறக்கும் இறாலைத் தாமே தரம் பிரித்து, தாமே எடை போட்டு, தாமே விலை சொன்னால், நானூறு வருஷத்துக்கு முன் கோட்டைக்குள் பூட்டி வைத்த பேரேட்டு வித்தை அன்றைக்குத்தான் குப்பத்துக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.